மீனுக்கு முன் தண்ணீர்: முதல் மரைன் டேங்க் வைக்கப் போகிறவர்களுக்கு

என் முதல் மரைன் டேங்க்கில், அதாவது உப்புத் தண்ணீரில் கடல் மீன் வளர்க்கிற தொட்டியில், விட்ட மூன்று மீன்களும் பத்தே நாளில் செத்துப்போயின. டேங்க் வாங்கி, உப்பு கரைத்து ஊற்றி, நாலாம் நாளே மூன்று டாம்செல் மீன்களைக் கொண்டுவந்து விட்டேன். "டாம்செல் கெட்டி மீன் சார், இதைப் போட்டாத்தான் டேங்க் செட் ஆகும்" என்று கடையில் சொன்னதை நம்பினேன். ஆறாம் நாள் ஒரு மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் பம்ப்பின் சல்லடையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இத்தனைக்கும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. கடைசி மீன் போன அன்றைக்கும் பளிங்கு மாதிரிதான் இருந்தது.

அந்தப் பளிங்குத் தண்ணீருக்குள் என்ன சேர்ந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் புரிய வெகுநாள் பிடித்தது. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான். எந்த லைட் வாங்கலாம், எந்த பம்ப் சத்தம் போடாது என்பதெல்லாம் காசு கொடுத்தால் தீர்கிற விஷயம். இது அப்படித் தீராது.

கப்பி, கோல்டு ஃபிஷ் வளர்த்துப் பழகியவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுச் சுற்றி, கவரில் நாலு மீன் வாங்கிவந்து தொட்டியில் கவிழ்த்தால் அதில் இரண்டாவது பிழைத்துக்கொள்ளும். குளத்து மீன் மழையையும் கோடையையும் பார்த்த வம்சம். ஒரு நாள் செம்மண் தண்ணீர் வந்து சேரும், இன்னொரு நாள் குளம் வற்றிச் சேறாகும்; அதற்கெல்லாம் பழகிய உடம்பு. பவளத்திட்டு மீனுக்கு அந்த அனுபவமே கிடையாது. அது இருக்கிற இடத்தில் உப்பின் அளவு வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான், சூடு மெல்லத்தான் ஏறி இறங்கும், அது போடுகிற கழிவை அலை உடனே அடித்துக்கொண்டு போய்விடும். அந்தக் கடலை 130 லிட்டருக்குள் நடித்துக்காட்ட வேண்டும். நம் வேலை அவ்வளவுதான்.

எவ்வளவு பெரிய டேங்க்?

சின்னதாக ஆரம்பித்தால் சுலபம் என்று தோன்றும். மரைனில் கதை நேர்மாறு. தண்ணீர் குறைவாக இருந்தால் நாம் செய்கிற ஒவ்வொரு தப்பும் பெரிதாகத் தெரியும். ஒரு சிட்டிகை உணவு அதிகமாகப் போனால் 30 லிட்டர் டேங்க்கில் அது ஆபத்து, 150 லிட்டரில் அசௌகரியம்.

இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள டேங்க் முதல்முறைக்கு வசதி. விளிம்புவரை நிரப்பினால் 159 லிட்டர் பிடிக்கும். பாறை, மணல், மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக நிஜத் தண்ணீர் சுமார் 130 லிட்டர். கண்ணாடியும் பாறையும் சேர்த்து மொத்த எடை 200 கிலோவைத் தொட்டுவிடும். ஷோகேஸ் மேல், டிவி ஸ்டாண்ட் மேல் வைக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இரும்பு ஸ்டாண்ட் அடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் தெர்மோகோல் ஷீட் போட்டு அதன் மேல் வையுங்கள். நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது. ஜன்னல் வெயில் படாத சுவராகப் பாருங்கள்.

உப்பும் தண்ணீரும்

சமையல் உப்பு போட்டால் ஆகாதா என்று எல்லோரும் ஒருமுறை கேட்பார்கள். ஆகாது. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் பெரும்பங்கு சோடியம் குளோரைடு, அதாவது நம் சாப்பாட்டு உப்பு. மிச்சத்தில்தான் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட் எல்லாம் வருகின்றன. தண்ணீரின் காரத்தன்மை சட்டென்று சரியாமல் பிடித்து வைத்திருப்பதும், நத்தைக்கு ஓடு வளர்வதும் அந்த மிச்சத்தால்தான். அதனால் மரைன் சால்ட் என்று விற்கிற கலவைதான் வேண்டும். லிட்டருக்குச் சுமார் 36 கிராம் கணக்கு வைத்தால், நம் 130 லிட்டருக்கு ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும்.

அடுத்த கேள்வி: "கடல் பக்கத்துலயே இருக்கோம், ரெண்டு கேன் மொண்டுக்கிட்டு வந்தா என்ன?" கடற்கரையோரக் குஞ்சுபொரிப்பகங்கள் கடல்நீரைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அவர்கள் மணல் வடிகட்டியில் விட்டு, குளோரின் போட்டுக் கிருமி நீக்கி, பிறகு அந்தக் குளோரினையும் முறித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். நாம் மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ மொண்டு வருவது கூவமும் அடையாறும் வந்து கலக்கிற கரையோரத் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை நாட்களில் அதன் உப்பும் இறங்கிப்போயிருக்கும். ஆரம்பிக்கிறவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. ஆறு மாதம் கழித்து ஆசை இருந்தால் பாருங்கள்.

உப்பைக் கரைக்கிற தண்ணீர் உப்பைவிட முக்கியம். சென்னை போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே ஏகப்பட்ட உப்புகள். மெட்ரோ தண்ணீரில் குளோரின். எனவே ஆர்ஓ தண்ணீர். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: வீட்டு ஆர்ஓ மெஷின் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் வெளித்தண்ணீரைத் திரும்பக் கலக்கிற டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும், சிலதில் மினரல் கேட்ரிட்ஜும் இருக்கும். குடிக்க நல்லது, டேங்க்குக்கு வேண்டாதது. மெக்கானிக்கிடம் சொன்னால் அவற்றுக்கு முன்னாலிருந்து ஒரு டியூப் பிரித்துக் கொடுப்பார். அதன் பின், மிச்சமிருக்கிற உப்பையும் பிடித்துக்கொள்கிற ஒரு டிஐ ரெசின் கேட்ரிட்ஜ் போட்டால், கரைந்திருக்கிற உப்புகளை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும். டிடிஎஸ் மீட்டர் பேனா அளவுதான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர். தொலைநோக்கி மாதிரி கண்ணில் வைத்துப் பார்க்கிற கருவி. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு தெரியும். அந்தக் கோடு 35-இல் இருக்க வேண்டும். ஒப்படர்த்தி அளவுகோலில் இதுவே சுமார் 1.026. கருவியே தப்பாகக் காட்டுவதும் உண்டு, ஆகவே 35 என்று அளந்து விற்கிற திரவத்தை அவ்வப்போது விட்டு சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவு. அதில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலும் அளவு மாறிவிடும்.

முதல்முறை மட்டும் டேங்க்குக்குள்ளேயே உப்பைக் கரைக்கலாம். மீன் வந்த பிறகு எப்போதும் தனி வாளியில் கரைத்து, ஒரு சின்ன பம்ப் போட்டு ஒரு நாள் சுற்றவிட்டு, அளந்து பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

ரசம் சுண்டினால்

புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். டேங்க்கில் தண்ணீர் மட்டம் ஒரு இன்ச் இறங்கியிருக்கிறது. எதை ஊற்றுவீர்கள்?

ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயேதான் இருக்கிறது. ரசத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டால் சுண்டிக் கரிக்குமே, அதே கதை. கரிக்கிற ரசத்தில் வெந்நீர் விடுவோம். உப்பு போட மாட்டோம். அதனால் இறங்கிய மட்டத்துக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புக் கரைசல் ஊற்றினால் ஒவ்வொரு தடவையும் கரிப்பு கூடிக்கொண்டே போகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் வேகம் புரியும். சென்னை வெயிலில், மேலே ஃபேன் ஓடுகிற டேங்க்கில் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 130 லிட்டர் 121 ஆகிறது, 35 இருந்த உப்பு 37.6 ஆகிறது. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 41.7. நான் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். காலையில் பல் தேய்த்த கையோடு கோடு வரைக்கும் ஊற்றிவிடுவேன். மட்டம் இறங்கினால் தானே ஊற்றிக்கொள்கிற ஏடிஓ கருவியும் விற்கிறது. ஊருக்கு அடிக்கடி போகிறவர் முதலிலேயே அதை வாங்கிவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத கூட்டம்

இப்போது என் மூன்று டாம்செல்களுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

மீன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகினாலும் அம்மோனியா. அதற்கு நிறமில்லை, அந்த அளவில் வாசமும் தெரியாது. ஆனால் செவுளைப் பொசுக்கிவிடும். மூச்சுவிட முடியாமல்தான் என் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. மரைனில் இது இன்னும் மோசம். நல்ல தண்ணீர்த் தொட்டியில் பிஹெச், அதாவது அமில-காரத்தன்மையின் அளவு, 7 பக்கம் இருக்கும்போது அம்மோனியாவில் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாக மாறி நிற்கும். கடல்நீரின் பிஹெச் 8.2 பக்கம். அங்கே விஷ வடிவத்தில் நிற்கிற பங்கு பத்து மடங்குக்கு மேல் அதிகம். "எங்க வீட்டு கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஒண்ணும் ஆகலையே" என்பது இங்கே செல்லாது.

இதைத் தின்று தீர்க்க ஆள் இருக்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவு வரை மீனைத் தொந்தரவு செய்யாது. தண்ணீர் மாற்றும்போது அதை வெளியேற்றிக்கொள்ளலாம். மண்ணிலும் கடலிலும் இதே வேலைதான் நடக்கிறது. இது ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்கிற இரண்டு கட்ட வேலை என்று 1890 வாக்கில் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி.

இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். பாறையிலும் மணலிலும் ஃபில்டரிலும் படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்பவை. புது டேங்க்கில் அவை இல்லை. நான் மீன் விட்ட நாலாம் நாள் என் டேங்க் கழிவறை கட்டாத கல்யாண மண்டபம் மாதிரி இருந்திருக்கிறது.

சரி, இவற்றை எப்படி வளர்ப்பது? பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். தீனியும் உறையும் நேரமும் வேண்டும். ஆனால் தயிர் ராத்திரிக்குள் தோய்ந்துவிடும், இது தோயாது. சாதாரண பாக்டீரியாக்கள் பல அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். நைட்ரோசோமோனாஸ் வகைக்குப் பல மணி நேரம் பிடிக்கும், சில நிலைமைகளில் ஒரு நாள்கூட. அந்தச் சோம்பேறித்தனத்தால்தான் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

தீனிக்கு இரண்டு வழி. கடையில் வாங்கிய பச்சை இறால் ஒன்றைத் துணியில் கட்டி உள்ளே போடலாம். அழுகி அம்மோனியா வரும், கூடவே நாற்றமும் வரும், வீட்டில் திட்டும் வரும். அல்லது அம்மோனியம் குளோரைடு கரைசலை, டெஸ்ட் கிட்டில் 2 பிபிஎம் (லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம்) காட்டுகிற அளவுக்குச் சொட்டுச் சொட்டாக விடலாம். நான் இப்போதெல்லாம் இரண்டாவது வழிதான். உறைக்கு, நோயில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற டேங்க் யாரிடமாவது இருந்தால் அவருடைய ஃபில்டரிலிருந்து ஒரு பிடி செராமிக் ரிங்ஸ் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பாட்டிலில் விற்கிற பாக்டீரியா. பாட்டில் வாங்கினால் தேதியைப் பாருங்கள், வெயிலில் வைத்து விற்கிற இடமாக இருக்க வேண்டாம்.

அதன் பிறகு சோதனைக்குழாயில்தான் நாடகம் நடக்கும். அம்மோனியா கிட்டில் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, சில நிமிடம் காத்திருந்தால் நிறம் வரும். பெரும்பாலான கிட்களில் மஞ்சள் என்றால் பூஜ்யம், பச்சை ஏற ஏற அம்மோனியா. முதல் வாரம் பச்சைதான், பார்த்துப் பார்த்து அலுக்கும். இரண்டாம் வாரம் வாக்கில் ஒரு நாள் பச்சை கொஞ்சம் வெளிறின மாதிரி இருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய் இன்னொரு தடவை பார்ப்பீர்கள். அதே நேரம் நைட்ரைட் கிட் ஊதா அடிக்க ஆரம்பிக்கும். அந்த ஊதா பல நாள் பிடிவாதமாக நிற்கும். அப்புறம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளிர்நீலமாகிவிடும். நைட்ரேட் கிட் சிவக்கத் தொடங்கும்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? மறுபடி 2 பிபிஎம் அளவுக்கு அம்மோனியா விடுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் டேங்க் தயார். பாதித் தண்ணீரை மாற்றி, சேர்ந்திருக்கிற நைட்ரேட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆறு வாரமும் வீட்டார் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். "வெறும் தண்ணிக்கு எதுக்குடா கரண்டு செலவு?" என்று அம்மா தினமும் கேட்டார். நடுவில் பாறையெல்லாம் பழுப்பாகப் பொடி படிந்து, கண்ணாடியில் அழுக்கு ஏறி, பார்க்கவே சகிக்காது. அது டயாட்டம் என்கிற பாசி. புது டேங்க்குகளில் வந்துவிட்டுப் போவது வழக்கம்தான். அதைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் எடுத்துக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினால், வளர்த்த நுண்ணுயிரையும் சேர்த்துக் கழுவிவிடுவீர்கள். நான் கழுவியிருக்கிறேன்.

பாறை விஷயத்தில் சட்டமும் உண்டு

டேங்க்கின் நிஜமான ஃபில்டர் பாறைதான். நுண்துளைகள் நிறைந்த பாறையில் ஒட்டிக்கொள்ள இடம் அதிகம். உள்ளே ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுகிற வேறொரு கூட்டம் குடியேறும்.

வெளிநாட்டு வீடியோக்களில் கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறையை லைவ் ராக் என்று காட்டுவார்கள். இங்கே அது வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பாறை கட்டுகிற பவளங்கள் எல்லாமே 2001 முதல் இருக்கின்றன. கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டையும் பாதுகாக்கப்பட்டவை. செத்த பவளத் துண்டைக் கரையில் பொறுக்கி எடுத்து வந்து வைப்பதும் சிக்கல்தான். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல வருஷம் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. எந்தக் கடையிலாவது கடல் குதிரை காட்டினால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

நமக்கு செராமிக்கில் செய்த செயற்கைப் பாறை போதும். 12 முதல் 15 கிலோ, குகையும் சந்தும் வருகிற மாதிரி அடுக்கி, மணலுக்கு முன்பே அடிக்கண்ணாடியில் உட்காரவையுங்கள். மணல் மேல் வைத்தால் மீன் தோண்டும்போது சரியும். மணல், அரகொனைட் என்று கேட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு வகை. ஒரு இன்ச் கனம் போதும்.

சூடு

மேல்நாட்டுப் புத்தகங்களில் முதல் அத்தியாயத்திலேயே ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். சிரிப்பாக இருக்கும். மே மாதம் என் ஹாலில் ஏசி இல்லாமல் 34 டிகிரி. நம் கவலை ஆற்றுவது எப்படி என்பது.

25 முதல் 28 டிகிரிக்குள், அதிகம் ஆடாமல் இருந்தால் நல்லது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைகிற ஆக்சிஜன் குறையும். ஒரே சூட்டில் நல்ல தண்ணீரைவிடக் கடல்நீரில் ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் மேல்பரப்பில் காற்று அடிக்கிற மாதிரி இரண்டு சின்ன ஃபேன் மாட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானை குளிர்கிற அதே காரணம்தான். ஆவியாவது கூடும், ஆகவே காலையில் ஊற்றுகிற தண்ணீரும் கூடும். மீன் மட்டும் வைக்கிறவருக்கு, ராத்திரி ஏசி ஓடுகிற அறையாக இருந்தால் ஃபேன் சமாளித்துவிடும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை என்றால், தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் மெஷின் இல்லாமல் முடியாது. டேங்க், ஸ்டாண்ட், பாறை மூன்றுக்கும் ஆன செலவைச் சில்லர் ஒன்றே தாண்டிவிடும். இதைக் கடைசியில் கண்டுபிடித்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு. பட்ஜெட்டில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வேவ்மேக்கர் ஒன்றோ இரண்டோ வேண்டும். டேங்க் தண்ணீரை மணிக்குப் பத்திருபது தடவை சுழற்றுகிற திறன் பாருங்கள். மீன் மட்டும் என்றால் சாதாரண எல்இடி லைட் போதும், தினம் ஏழெட்டு மணி நேரம். மேலே கண்ணாடி மூடி போட்டால் சூடு அடைபடும், மூடாமல் விட்டால் மீன் துள்ளித் தரையில் விழும். கொசுவலை அடித்த சட்டம் இரண்டுக்கும் சரி.

ஸ்கிம்மர் என்ற பெயர் மட்டும் புதிதாக இருக்கலாம். சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது கொஞ்சம் பால் விட்டால் அழுக்கு நுரையாக மேலே ஒதுங்கும், கரண்டியால் எடுத்துப் போடுவோம். ஸ்கிம்மரும் அதே மாதிரி பொடிக் குமிழிகளை ஏற்றி, புரதக் கழிவை நுரையாக மேலே உள்ள குவளைக்குள் தள்ளுகிறது. அம்மோனியா ஆவதற்கு முன்பே கழிவு வெளியே வந்துவிடுகிறது. புதிதாக வாங்கினால் ஓரிரு வாரம் தாறுமாறாக நுரைக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே எடுக்காது. அதன் பிறகு படியும். குவளையில் சேர்கிற பழுப்புத் தண்ணீரை ஒரு தடவை மோந்து பார்த்தால், அது எவ்வளவு வேலை செய்கிறது என்று வேறு யாரும் சொல்ல வேண்டாம்.

கரண்ட் போனால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அன்றைக்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. மூன்றாம் நாள்தான் வந்தது. வேவ்மேக்கர் நின்றால் தண்ணீர் அசையாது, ஆக்சிஜன் இறங்கும், பாறையில் உள்ள நுண்ணுயிர்களுக்கும் மூச்சு முட்டும். என்னிடம் பேட்டரி ஏர்பம்ப் ஒன்று இருந்தது, மாற்று பேட்டரி இரண்டே இரண்டு. அவை தீர்ந்த பிறகு, அரை மணிக்கு ஒருதரம் ஒரு மக் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தோம், நானும் பக்கத்து வீட்டுப் பையனும் முறை வைத்து. மீனுக்கு அந்த இரண்டு நாளும் உணவு போடவில்லை. போடாமல் இருப்பதுதான் சரி. எல்லாம் பிழைத்தன. டேங்க் வாங்குகிற அன்றைக்கே பேட்டரி ஏர்பம்ப்பும் வாங்கிவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் வேவ்மேக்கரை மட்டும் மாட்டினால் நெடுநேரம் தாங்கும்.

இன்னொன்று. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், எங்கே தெறித்தாலும் காய்ந்து வெள்ளையாகப் பூக்கும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறுவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வழிகிற சொட்டு அங்கேயே கீழே விழுந்துவிடும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற ஈஎல்சிபி இல்லாத வீட்டில் மரைன் டேங்க் வைக்காதீர்கள்.

இனி மீன்

முதல் மீனாக நான் சொல்வது ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் க்ளவுன். கடையில் நீமோ என்றாலே எடுத்துக் கொடுப்பார்கள். பிடிபட்டதா, பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையிலும் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வெற்றி கண்டிருக்கின்றன. பண்ணையில் பிறந்தது தூள் உணவைத் தின்று வளர்ந்தது, கண்ணாடிக்குப் பழகியது. கடலில் பிடித்தது பட்டினி கிடந்தே போகலாம். சில நாடுகளில் மயக்கமடைய வைக்கச் சயனைடு அடித்துப் பிடிக்கிற பழக்கமும் இருந்திருக்கிறது. அப்படிப் பிடித்தது வெளியே நன்றாகத் தெரிந்தாலும் சில வாரத்தில் போய்விடும்.

ஜோடி என்றால் ஆண் ஒன்று பெண் ஒன்று தேட வேண்டியதில்லை. க்ளவுன்கள் எல்லாமே ஆணாகத்தான் தொடங்கும். இரண்டை ஒன்றாக விட்டால் பெரியது பெண்ணாகிவிடும். அதனால் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் பார்த்து வாங்குங்கள். கடலில் க்ளவுன் குடியிருக்கிற கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமலும் சந்தோஷமாக இருக்கும். டேங்க்குக்கு ஆறு மாதம் ஆகிற வரை அந்தச் சாமந்தியைக் கேட்கவே கூடாது. நீல டாங் கையளவில் அழகாக இருக்கும், ஆனால் ஒரு அடி வரை வளரும், நீந்த நீளம் வேண்டும். மாண்டரின் டிராகனெட்டின் நிறத்தைப் பார்த்தால் மனசு கேட்காது. பாறையில் ஊர்கிற நுண்ணிய ஜீவன்களைத்தான் அது தின்னும், புது டேங்க்கில் அவை இல்லை.

கடையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தின்கிறதா? "ஒரு தடவை உணவு போட்டுக் காட்டுங்களேன்" என்று கேட்பதில் தப்பில்லை. உடம்பில் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்தால் அது கிரிப்டோகேரியான் என்கிற ஒட்டுண்ணி. ஒரு மீனில் இருந்தால் அந்தத் தொட்டி மீன் எதுவுமே வேண்டாம். இதற்காகத்தான் ஒரு இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு, நாலைந்து வாரம் மீனைத் தனியாக வைத்துப் பார்ப்பது. அந்த ஸ்பாஞ்சைப் பெரிய டேங்க்கிலேயே ஊறப்போட்டு வைத்திருந்தால் அதற்கும் உறை ஏறியிருக்கும். நோய் வந்தால் தாமிர மருந்து டப்போடு முடிந்துவிடும். பெரிய டேங்க்கில் அதை விட்டால் நத்தையும் இறாலும் செத்துவிடும்.

டப்போ டேங்க்கோ, விடும் நாளில் லைட்டை அணைத்துவிடுங்கள். கவரைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு சூட்டைச் சமன் செய்து, மீனை ஒரு மக்கில் மாற்றி, ஏர்பம்ப் டியூபில் முடிச்சுப் போட்டு நம் தண்ணீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக விழவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போக வேண்டாம்.

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பீர்கள், தெரியும். க்ளவுன் மேல்மூலையில் கண்ணாடியோடு ஒட்டி, பக்கவாட்டில் சாய்ந்து, துடுப்பை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டு கிடக்கும். டெஸ்ட் கிட்டைத் தேடி ஓட வேண்டாம். அது தூங்குகிறது.